குளிகையில் ஏறிய பீரோ

சென்னையில் வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு மகன்கள் பிறப்பது ஊர் வழக்கப்படி அல்ல. குடித்தனக்காரர் வந்து நாலைந்து வருடம் ஆகி, இதற்கு மேல் அவரிடம் வாடகையை உயர்த்திக் கேட்கக் கூச்சமாக இருக்கிற கட்டத்தில், அமெரிக்காவில் இருக்கும் ஒரு மகன் திடீரென்று பேச்சில் தோன்றுவான். உடனே அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகும். கல்யாணம் ஆனவன் எங்கே இருப்பான்? நாம் இருக்கிற வீட்டில்தான். கலிஃபோர்னியாவில் தோட்டத்தோடு வீடு வைத்திருக்கிறவன், மடிப்பாக்கத்து இரண்டாவது மாடியில், மோட்டார் போட்டால் மட்டும் தண்ணீர் வருகிற குளியலறைக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறான் என்று நாம் நம்ப வேண்டும். நம்பினோம்.

எங்கள் வீட்டுக்காரர் சாதுவான மனிதர். ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "ஒண்ணும் அவசரமில்லை சார், ஒரு மாசத்துல காலி பண்ணிக் குடுத்தாப் போதும்" என்றார். எனக்குச் சட்டம் நினைவுக்கு வந்தது. வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் உள்ள உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2017-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். 2019 பிப்ரவரியில் அமலுக்கும் வந்தது. ஒப்பந்தத்தை எழுதிப் பதிய வேண்டும் என்கிறது அது. எங்கள் ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குப் பத்திரத்தில் எழுதப்பட்டது. அதற்குப் பிறகு வருடா வருடம் இதே மாடிப்படியில் நின்று வாய்மொழியாகவே புதுப்பிக்கப்பட்டு வந்தது. ஆகவே சட்டத்தை நினைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

காப்பாற்றியது அம்மா. அம்மா மாயவரத்துக்காரர். மறுநாள் காலை கீழே இறங்கிப் போய், துளசிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாளிடம், "ஆடி மாசத்துல குடியிருக்கிறவங்களை வெளியே அனுப்பினா, அந்த வீட்டுக்குப் புதுசா வரப்போற ஜோடிக்கு அவ்வளவு நல்லதில்லைன்னு எங்க ஊர்ப் பக்கம் சொல்வாங்க. எனக்கென்ன, காதுல போட்டு வைச்சேன்" என்று சொல்லிவிட்டு மேலே வந்து காப்பி குடித்தார். சாயங்காலம் வீட்டுக்காரரே வந்தார். "ஆவணியில பாத்துக்கலாம் சார்." சட்டமன்றத்தால் எனக்குத் தர முடியாத பாதுகாப்பை ஆடி மாதம் தந்தது.

வீடு மாறக் கூடாத மாதங்கள் ஆறு என்பது அம்மாவின் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஆனியில் மகாபலி மண்ணை இழந்தான். ஆடியில் ராவணன் கோட்டையை இழந்தான். புரட்டாசியில் இரணியன் உயிரை இழந்தான். மார்கழியில் பாரதப் போர் நடந்து எல்லோரும் எல்லாவற்றையும் இழந்தார்கள். மாசியில் சிவன் விஷத்தைக் குடித்தார், பங்குனியில் மன்மதனை எரித்தார். இந்தப் பட்டியலில் வாடகை வீட்டில் இருந்தவர்கள் என்று ஒருவர்கூடக் கிடையாது. அத்தனை பேரும் சொந்த வீட்டுக்காரர்கள், அதிலும் பெரிய வீட்டுக்காரர்கள். ஆனாலும் அதன் பலன் மடிப்பாக்கத்தில் குடித்தனம் இருக்கிறவன் தலையில்தான் விடிகிறது.

மிச்சம் ஆறு மாதம் இருக்கிறதே என்று நினைக்கக் கூடாது. ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்கு எழுதிக் கொடுக்கப்பட்டவை. சித்திரையிலும் வைகாசியிலும் பள்ளிக்கூட விடுமுறை. ஊரே வீடு மாறும், வண்டி கிடைக்காது. ஆக, தமிழன் நிம்மதியாக வீடு மாற ஆவணியும் தையும்தான். இதனால்தான் அந்த இரண்டு மாதங்களில் சென்னைத் தெருக்களில் எங்கே பார்த்தாலும் தலைகீழாக ஒரு டைனிங் டேபிள் கால்களை மேலே நீட்டிக்கொண்டு போகிறது.

வீடு தேடிய கதையை விரித்தால் அதுவே தனிப் புத்தகம் ஆகும். ஒன்று மட்டும் சொல்கிறேன். சென்னையில் வீடு பார்க்கும்போது "தண்ணி எப்படி?" என்று இரண்டு தடவை கேட்க வேண்டும், மே மாதத்தை நினைத்துக்கொண்டு ஒரு தடவை, டிசம்பரை நினைத்துக்கொண்டு ஒரு தடவை. முதல் கேள்விக்குப் புரோக்கர் "அது பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும் சார்" என்பார். இரண்டாவது கேள்விக்கு, "2015-லகூட தெருவுக்குத்தான் சார் வந்துச்சு, வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வரலை" என்பார். நான் பார்த்த எந்த வீட்டுக்குள்ளும் 2015 டிசம்பரில் தண்ணீர் வரவில்லை. 2023 மிக்ஜாம் புயலிலும் வரவில்லை. நகரம் முழுக்கத் தெருக்களில் மட்டும் வந்து, வாசல்படியில் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் போன வெள்ளம் அது. ஒரு வீட்டில் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு இருந்தது. கேட்டால், "பெயின்ட் டிசைன் சார்" என்றார்கள். நான்கு அறையிலும் ஒரே உயரத்தில் ஒரே டிசைன்.

கடைசியில் பல்லாவரத்தில் மலைப் பக்கமாக, மேடான ஒரு தெருவில் வீடு அமைந்தது. "இங்கே தண்ணி வராது சார், ஏரோப்ளேன்தான் வரும்" என்றார் புரோக்கர். அவர் சொன்னதிலேயே நூற்றுக்கு நூறு உண்மை இதுதான். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் எங்கள் மொட்டை மாடிக் கொடியில் காயும் துணியைப் பார்த்துக்கொண்டே போகின்றன.

அப்புறம் அட்வான்ஸ். நான் சொன்ன அதே சட்டத்தில், வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தாலொழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. அந்த 'ஒழிய' என்ற இடுக்கு வழியாகத்தான் சென்னை நகரமே புகுந்து போய்க்கொண்டிருக்கிறது. புது வீட்டுக்காரர் ஆறு மாதம் கேட்டார், பழைய நாளில் பத்து மாதம் வாங்கினார்கள் என்று நினைவூட்டி. புது வீட்டுக்கு அட்வான்ஸை முன்னாலேயே கொடுக்க வேண்டும். பழைய வீட்டு அட்வான்ஸ், சாவியைக் கொடுத்த பிறகு, பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு, "ரெண்டு நாள்ல" வரும். இந்த இடைவெளியில் ஒரு நடுத்தரக் குடும்பம் தன் மைத்துனர்களின் உண்மையான குணத்தை அறிந்துகொள்கிறது.

புது வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: "என்ன வேணா பண்ணிக்கோங்க சார், சுவத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க." அம்மாவின் முகம் மாறிவிட்டது. நாள், நட்சத்திரம், ராகு காலம், சூலம் எல்லாம் போட்ட தினசரிக் காலண்டர் மாட்டாத வீட்டில் அடுத்த அடி எடுத்து வைப்பது எப்படி? காலண்டர் இப்போது ஜன்னல் கம்பியில் சணலால் கட்டப்பட்டிருக்கிறது. சாரல் அடித்தால் கரிநாள் நனைந்துவிடுகிறது.

நாள் பார்த்ததை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்த ஏற்பாட்டிலும் அதிக மூளை செலவானது அதற்குத்தான். செவ்வாயும் சனியும் வேண்டாம். அஷ்டமி, நவமி வேண்டாம். தேய்பிறை வேண்டாம். வீட்டில் நான்கு பேருக்கு நான்கு ராசி. எவருக்கும் சந்திராஷ்டமம் இருக்கக் கூடாது. மகளுக்கு அன்று பரீட்சை இருக்கக் கூடாது. எனக்கு ஆபீசில் லீவு வேண்டும். இத்தனை சல்லடைகளிலும் சலித்து ஒரு புதன்கிழமை விடிகாலை தேறியது. அந்த நாளில் எனக்கு லீவு இல்லை.

இதற்கு நம் முன்னோர் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நல்ல நாளில் போய்ப் பாலை மட்டும் காய்ச்சிவிட வேண்டியது. பால் பொங்கிவிட்டால் குடி வந்ததாகக் கணக்கு. சாமான் எப்போது வேண்டுமானாலும் வரலாம். எனவே புதன்கிழமை விடியற்காலையில் சாமி படம், குடம் தண்ணீர், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்போடு போய்ப் பால் காய்ச்சி, ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, பழைய வீட்டுக்குத் திரும்பி வந்து காலைச் சாப்பாட்டைச் சாப்பிட்டோம். சாஸ்திரப்படி நாங்கள் பல்லாவரத்துவாசிகள், நடைமுறையில் மடிப்பாக்கத்துவாசிகள். புது வீட்டுக்காரருக்கும் சாஸ்திரத்தில் நம்பிக்கை உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. பால் பொங்கிய நாளிலிருந்து வாடகையைக் கணக்குப் போட்டார். பழைய வீட்டுக்காரர் நாத்திகர். கடைசிச் சாமான் இறங்கும் வரை வாடகை ஓடும் என்றார்.

சாமான் ஏற்ற ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. இனி சாமான்.

ஒரு குடும்பத்தில் பயன்படும் பொருள்கள் எல்லாம் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கும். அவற்றைக் கட்ட அரை நாள் போதும். பரணில் இருப்பவைதான் வீட்டை மாற்ற வைக்கும் பொருள்கள். நாங்கள் பரணை இறக்கியபோது முதலில் வந்தது தொட்டில் ஸ்பிரிங். என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். "இதை எதுக்கு அத்தை வைச்சிருக்கோம்?" என்றாள் மனைவி. "நாளைக்கு இவளுக்கு வேண்டாமா?" என்றார் அம்மா. மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, அப்பாயியைப் பார்த்து, மறுபடி புத்தகத்துக்குள் போனாள். ஸ்பிரிங் பல்லாவரம் வந்துவிட்டது. அடுத்து அப்பாவின் தகரப் பெட்டி. அப்பா வாழ்நாளில் கட்டிய மின்சாரக் கட்டண ரசீதுகள், வருட வாரியாக, கம்பியில் குத்தி. நாங்கள் எல்லா வீட்டிலும் கரண்டு பில்லைக் கட்டிவிட்டோம் என்பதை நிரூபிக்க வேண்டிய ஒரு நாள் வரும் என்று அப்பா எதிர்பார்த்திருக்கிறார். வரவில்லை. வந்துவிட்டால்? அந்தப் பெட்டியும் ஏறியது.

எவர்சில்வர்ப் பாத்திரங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் கல்யாணத்தில் வந்தவை, அக்கா கல்யாணத்தில் மிஞ்சியவை, கிரகப்பிரவேசம், சீமந்தம், காதுகுத்து வகையில் சேர்ந்தவை. எல்லாவற்றிலும் பேர் வெட்டியிருக்கும்: இன்னார் குடும்பத்தாரின் அன்பளிப்பு, ஊர், தேதி. பேர் வெட்டாத பாத்திரத்தைத் தூக்கிப் போடலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம். பேர் வெட்டியதைத் தொட முடியாது. சீர்காழி மாமா என்றைக்காவது வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டு, அந்தக் கூஜாவைக் கண்ணால் தேடினால் என்ன பதில் சொல்வது? சீர்காழி மாமா இந்தப் பதினைந்து வருடத்தில் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அந்தக் கூஜா மட்டும் அவர் சார்பாக எங்களோடு வீடு வீடாக வந்துகொண்டிருக்கிறது. பாத்திரங்களைத் துணியால் துடைத்து அடுக்கும்போது மனைவி ஒன்றைக் கண்டுபிடித்தாள். எந்தப் பாத்திரத்துக்கும் அதன் சொந்த மூடி இல்லை. மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த அடுக்குக்குப் பெண் வீட்டார் மூடி, பெண் வீட்டார் தூக்குக்கு மாப்பிள்ளை வீட்டார் மூடி. எங்கள் இரண்டு குடும்பங்களும் பரிபூரணமாகச் சம்பந்தம் செய்துகொண்டது இந்தப் பரணில்தான்.

என்னிடம் திட்டம் என்று ஒன்று இருந்தது. அட்டைப்பெட்டிகளுக்கு எண் போட்டு, எக்செலில் பட்டியல் எழுதி, எந்தப் பெட்டி எந்த அறைக்கு என்று கலர் ஸ்டிக்கர் ஒட்டுவது. முதல் நாள் 'சமையலறை 1', 'சமையலறை 2', 'பூஜை' என்று அழகாகப் போயிற்று. இரண்டாம் நாள் 'சமையலறை மற்றும் மற்றவை'. மூன்றாம் நாளிலிருந்து எல்லாப் பெட்டியும் 'மற்றவை'. பெட்டிகள் தீர்ந்ததும் கட்டைப்பைகள் இறங்கின. தி.நகர் ஜவுளிக்கடைகள் புடவை எடுப்பவர்களுக்குக் கொடுக்கும் அந்தக் கட்டைப்பைதான், பேக்கிங் கம்பெனிக்காரர்கள் என்ன சொன்னாலும், தமிழ்நாட்டின் உண்மையான சரக்குப் பெட்டகம். ஒவ்வொரு வீட்டிலும் மெத்தைக்கு அடியில் அது மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு பையில் இருபது கிலோ அரிசி வைத்தாலும் தாங்கும். காது மட்டும் அறுந்துவிடும், அதுவும் மாடிப்படியின் நடுவில்தான் அறும்.

குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்வதற்காகக் கடைசி வாரம் முழுக்க நாங்கள் சாப்பிட்டதை எந்தச் சமையல் புத்தகத்திலும் பார்க்க முடியாது. அரைப் பாக்கெட் சேமியா, கால் கிலோ கொள்ளு, போன தையில் போட்ட வடகம், யாரோ திருப்பதியிலிருந்து கொண்டுவந்த லட்டின் கடைசித் துண்டு. எதுவும் வீணாகக் கூடாது என்றார் அம்மா. இதே அம்மாதான் சனிக்கிழமை சாயங்காலம் புதிதாக இட்லிக்கு அரைத்து வைத்தார். "புது வீட்டுல மாவு இல்லாம எப்படிப் போறது?"

அம்மாவின் அம்மியும் குழவியும்தான் பெரிய வழக்கு. கிரைண்டர் இருக்கிறது, மிக்ஸி இருக்கிறது. அம்மியில் கடைசியாக எதை அரைத்தோம் என்று யாருக்கும் நினைவில்லை. இருந்தும் "அம்மி இல்லாத வீடும் ஒரு வீடா?" என்று கேட்டுவிட்டார். 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் நாங்கள் குடி போகும் இதே பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான். அதைச் செய்தவர் அந்த இடத்தை விட்டுப் போகும்போது, கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு போயிருக்கிறார். பல்லாவர வட்டாரத்தில் இருப்பிடம் மாறும்போது ஒரு கல்லை விட்டுவிட்டுப் போன குடும்பஸ்தர் அந்த ஒருவர்தான் என்று நினைக்கிறேன். அவர் வீட்டில் எதிர்ப்பு இருந்ததா என்று தொல்லியலில் பதிவு இல்லை.

சரி, பழையதையெல்லாம் விற்றுவிடலாம் என்று பார்த்தால் அதற்கும் ஒரு சங்கடம். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் பெரிய சந்தை கூடுகிறது. பழைய நாற்காலி, பழைய ஃபேன், பழைய டிவி, பழைய போன், ஓடாத கடிகாரம் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அந்த ஊருக்கு நாங்கள் வண்டி வைத்துப் பழைய சாமான் கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போவதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முன்னதாகப் பெரிய கம்பெனி ஒன்றில் விசாரித்ததில், பொருள்களின் பட்டியலை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். அவர்கள் சொன்ன தொகையில் பாதிச் சாமானைப் புதிதாகவே வாங்கிவிடலாம். ஆகவே தெருமுனை ஸ்டாண்டில் நிற்கும் குட்டி யானையை அமர்த்தினேன். 2005-இல் வந்த டாடா ஏஸ் வண்டிக்கு நம் மக்கள் வைத்த பேர். ஏட்டின்படி முக்கால் டன் ஏற்றலாம். நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஓட்டுநரின் மனசைப் பொறுத்தது.

ஞாயிற்றுக்கிழமையின் அமைப்பு எப்படி என்றால், பகல் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை எமகண்டம். மூன்று முதல் நாலரை குளிகை. நாலரை முதல் ஆறு ராகு காலம். நடுவில் ஒன்றரை முதல் மூன்று வரை மட்டும் தேவர்கள் நமக்கென்று விட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் காலை பத்து மணிக்குள் புது வீட்டில் இறங்கிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஏழு மணிக்கு வருவதாகச் சொன்ன லோடு ஆட்கள் ஒன்பது தாண்டி வந்தார்கள். நாஷ்டா ஆகவில்லை என்றார்கள். ஆயிற்று. மூத்தவர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இதான் எல்லாமா சார்? போன்ல கொஞ்சம் சாமான்னு சொன்னீங்க" என்றார். அந்தப் பார்வைக்கு முன்னால் என் எக்செல் செத்தது. புத்தகப் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன சார், அம்மியா?" என்றார். "இல்லை, அது தனியா இருக்கு" என்றாள் மனைவி.

ஏற்றி முடிக்கும்போது மணி பதினொன்றே முக்கால். இப்போது கிளம்பினால் கீழ்க்கட்டளை சிக்னலைத் தாண்டுவதற்குள் எமகண்டம் பிறந்துவிடும். அம்மா வண்டியை நிறுத்திவிட்டார். ஏறிய சாமானோடு வண்டி தெருவில் நிற்க, நாங்கள் வெறும் வீட்டில் தரையில் உட்கார்ந்திருந்தோம். ஓட்டுநர் வெயிட்டிங் சார்ஜ் என்றார். ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம் வேறு; மடிப்பாக்கத்துக்குப் பல்லாவரம் நேர் மேற்கு. பரிகாரம் வெல்லம். அம்மா எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். "சுகர் இருக்கும்மா" என்றார் ஓட்டுநர். "வண்டியை ஓட்டறது நீதானேப்பா, ஒரு பொட்டு நாக்குல வச்சுக்கோ" என்று வைத்துவிட்டார்.

ஒன்றரைக்குக் கிளம்பிப் பல்லாவரத்தில் இறங்கினோம். சரசரவென்று சாமான் மாடிக்கு ஏறியது. துளசிச் செடி அம்மாவின் மடியில் வந்தது. மாவுத் தூக்கு என் மடியில். ஆவணி வெயிலில் அது பொங்கி வழிந்து என் பேன்ட்டில் அபிஷேகமாகியிருந்தது. ஃப்ரிட்ஜை இறக்கியவுடன் போடக் கூடாது, உள்ளே எண்ணெய் அதனிடத்துக்குத் திரும்பும்வரை சில மணி நேரம் நிற்க வைக்க வேண்டும் என்று நான் சொன்னதை, அதுவும் ஏதோ நேரம் காலம் சமாச்சாரம் என்று எடுத்துக்கொண்டு அம்மா முழு மனதோடு ஆமோதித்தார்.

இரண்டேகால் மணிக்குக் கீழே மிஞ்சியவை பீரோவும் என் புத்தகப் பெட்டிகளும். ஆட்கள் பீரோவில் கை வைத்தார்கள். அப்போதுதான் என் மனைவி, பதினெட்டு வருடமாக அம்மாவிடம் பாடம் கேட்டவள், "அத்தை, குளிகையில செய்யறது திரும்பத் திரும்ப நடக்கும்னு சொல்வீங்களே?" என்றாள்.

"ஆமா. அதான் வீடு மாத்தறதைக் குளிகையில வைச்சுக்கக் கூடாது. மறுபடி மறுபடி மாத்திக்கிட்டே இருக்கணும்."

"நாமதான் புதன்கிழமையே மாறியாச்சே. பீரோவை மூணு மணிக்கு மேல ஏத்தினா, நகை பெருகுமில்ல?"

அம்மா மருமகளை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பெருமையை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. உடனே உத்தரவு மாறியது. பீரோ நிற்கட்டும். "அந்தப் புத்தகத்தை எல்லாம் மூணுக்குள்ள ஏத்திடுங்கப்பா, அது பெருக வேண்டாம்" என்று மனைவி அதனுடன் சேர்த்தாள். ஆட்கள் புத்தகத்தை ஓட்டமாக ஏற்றினார்கள். இரண்டு ஐம்பதுக்குக் கடைசிப் பெட்டி உள்ளே போயிற்று. பிறகு எல்லோரும் மாடிப்படியில் உட்கார்ந்து, பீரோவைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் டீ குடித்தோம். மூன்று மணி ஒரு நிமிடத்துக்கு, ஒரு பவுன் சங்கிலியும் என் மகளின் வெள்ளிக் கொலுசும் இன்ஷூரன்ஸ் பத்திரங்களும் அடங்கிய எங்கள் பீரோ, கயிறு கட்டப்பட்டு, திருப்பத்தில் ஒரு தடவை சுவரைத் தேய்த்துக்கொண்டு, ராஜ மரியாதையோடு மேலே ஏறியது.

மூத்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சார், அப்ப எங்க கூலியையும் இப்பவே குடுத்துடுங்க, பெருகட்டும்" என்றார்.

"ஐயையோ, குளிகையில பணம் குடுக்காதே, செலவு பெருகும்" என்றார் அம்மா. குளிகை முடிந்தால் ராகு காலம். ஆறு மணிக்குத்தான் கொடுக்க முடியும். ஆறு வரை உட்கார்ந்தால் அதற்கும் வெயிட்டிங் சார்ஜ் உண்டு என்று ஓட்டுநர் ஞாபகப்படுத்தினார். ஜிபே செய்தேன். போனில் பணம் அனுப்புவது பற்றிப் பஞ்சாங்கம் இன்னும் கருத்துச் சொல்லவில்லை.

மற்றதெல்லாம் காகித வேலை. மடிப்பாக்கம் சென்னை மாநகராட்சி. பல்லாவரம் 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சி, மாவட்டமும் செங்கல்பட்டு. ஆறேழு கிலோமீட்டரில் சகலமும் மாறிவிட்டது. ரேஷன் கார்டு, ஆதார், கேஸ், வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. புது முகவரிக்கு ஆதாரம் கேட்கிற இடமெல்லாம், அந்த முகவரி போட்ட ஆதார் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். வருவேன், போவேன், ஒரு நாள் முடியும்.

ஒரு பெட்டி மட்டும் இன்னும் பிரிக்கப்படவில்லை. இதற்கு முந்தைய வீட்டிலும் அது பிரிக்கப்படவில்லை. பழைய டேப்பின் மேல் புது டேப், அதன் மேல் என் கையெழுத்தில் 'மற்றவை'. இந்த வீட்டுக்குச் சதுர அடிக்கு இருபது ரூபாய் வாடகை. பெட்டி பிடிக்கும் இடம் நான்கு சதுர அடி. மாதம் எண்பது ரூபாய், வருடத்துக்குத் தொள்ளாயிரத்து அறுபது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஒரு பெட்டிக்கு வாடகை கட்டிக் குடி வைத்திருக்கிறோம். அதைக் காலி செய்யச் சொல்ல எனக்கு அமெரிக்க மகனும் இல்லை. போன வாரம் யாரும் இல்லாத நேரத்தில் திறந்து பார்த்தேன். மூன்று மிக்ஸி ஜார்கள். மிக்ஸி இல்லை. அந்த மிக்ஸி பழுதாகி, எக்ஸ்சேஞ்சில் போய் வருடக்கணக்காகிறது. ஜாரை மட்டும், "நல்ல கனம், எதுக்காவது ஆகும்" என்று அம்மா தனியே எடுத்து வைத்திருக்கிறார்.

மிக்ஸி மட்டும் இருந்து ஜார் இல்லாதவர்கள் யாராவது இருந்தால் பல்லாவரம் வந்து வாங்கிக்கொண்டு போகலாம். காசு வேண்டாம். வெள்ளிக்கிழமை சந்தைக்கு எப்படியும் வருவீர்கள். அன்று பத்தரை முதல் பன்னிரண்டு வரை, ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்குப் போட அம்மா கோயிலுக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் வரவும். காலிங் பெல் வேண்டாம், கதவை மெதுவாகத் தட்டினால் போதும்.